கால் நிக்குதில்லை

சண்டையால் கரண்ட் இல்லாத அந்த வருசங்களில் குருநகரில் கலியாண வீடுகளுக்குப் பாட்டுப் போட்டது நானும் கிறகோரியும்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அவன் பெடலைச் சுற்றுவான். டைனமோவில் ரேப் ரெக்கோடர் பாடும்.

கொழும்புப் பைலாப் பாட்டுக்காரன் ஒருவனின் கசற்றைப் போட்டால், பந்தலில் ஒருவரும் கதிரையில் இருக்கமாட்டார்கள். மரியநாயகி மாமி மட்டும் இருப்பா. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவவுக்கு இரண்டு காலும் வழங்காது, எழும்பி நிற்கவும் ஏலாது.

"உந்தாளின்ரை பாட்டிலை அப்பிடி என்னடா கிடக்கு?" என்று கிறகோரி ஒவ்வொரு முறையும் கேட்பான்.

"தாளமடா," என்பேன்.

ஸ்ரெல்லாவின் கலியாணத்தன்று மத்தியானம், அந்தக் கசற்றுக்கு எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கையில் குண்டு போடுகிற பொம்மர் இரைந்து வந்தது. பங்கர் குழிக்கு ஓடவேண்டும். கிறகோரி பெடலை விட்டான். சைக்கிள் சில்லு நின்றது. நான் கசற்றை வெளியே எடுத்தேன்.

பாட்டு நிற்கவில்லை. ஆடியவர்களும் நிற்கவில்லை.

ஸ்ரெல்லா கலியாண உடுப்போடு ஆடியபடியே எங்களைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணை, பாட்டை நிப்பாட்டுங்கோ! கால் நிக்குதில்லை!"

நான் கசற்றைத் தூக்கிக் காட்டினேன்.

பொம்மர் வட்டமடித்துத் தாழப் பதிந்து வந்தது. பின்னால் கதிரை ஒன்று விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

மரியநாயகி மாமி அழுது அழுது ஆடிக்கொண்டிருந்தா.