சேலைக் கூரை

காலை பத்தே முக்காலுக்குத் தெருவாசிகள் மாடியேறுவார்கள். வருடா வருடம் வெயில் ஏறுகிறது. மரம் வைக்க அகலமில்லாத தெரு. அதனால் பழைய சேலையின் ஒரு முனையைத் தங்கள் கைப்பிடிச் சுவர்க் கம்பியில் கட்டி, மறுமுனையில் வெங்காயம் ஒன்றை முடிந்து எதிர்மாடிக்கு வீசுவார்கள். அங்கே பிடித்துக் கட்டுவார்கள். அந்த வெங்காயம், அதைப் பிடித்தவர்களுக்கே. சற்று நேரத்தில் பள்ளிவாசல் முனையிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நிழல் விழுந்துவிடும். வெளித்தெரு ஆட்களும் சுற்றிக்கொண்டு இவ்வழியே நடந்தார்கள்.

“எங்க சுங்குடிக்குக் கீழ நின்னு பாருங்க பாய், ஊட்டிதான்” என்பாள் மெர்சி.

“ஊட்டிதான். தொவைச்சுப் போட்டா இன்னும் நல்லாருக்கும்” என்பார் எதிர்வீட்டு அன்வர் பாய்.

தெருவின் நடுவே ஓரிடத்தில் மட்டும் வானம் தெரிந்தது. சாக்கடைத் தகராறில் பேச்சு நின்றுபோன கோமளாவின் வீடும் சகாயமேரியின் வீடும் அங்கே எதிரெதிராக இருந்தன. நேற்று இஸ்திரி வண்டி மாடசாமி அந்த வெயிலைக் கடக்கும்போதுதான் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இன்னும் படுத்திருக்கிறார்.

இன்று எல்லோரும் கட்டி முடித்தபின் கோமளா மாடிக்கு வந்தாள். வீட்டில் பழைய சேலைகள் இருந்தும் அரக்குநிறக் கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்து வந்திருந்தாள். ஒரு முனையைக் கம்பியில் இறுக்கினாள். மறுமுனையில் வெங்காயத்தை முடிந்து கையில் சுருட்டிக்கொண்டாள். எதிர்மாடியில் சகாயமேரி வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. கீழே போனவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

“மேரியக்கா, வீசுறேன். பிடிப்பியா?”