மாப்பிள்ளை கேட்ட கண்ணாடி

கடைக்காரர் மூன்று கண்ணாடிகளை மேசையில் வைத்ததும் தம்பித்துரை விலைச்சீட்டுகளைத்தான் முதலில் பார்த்தார்.

தொண்ணூறு யூரோ. நானூறு யூரோ. ஆயிரத்து அறுநூறு யூரோ.

வேட்டைத் துவக்கின் மேல் பூட்டிக் குறிபார்க்கிற கண்ணாடிகள். மூன்றும் ஒரே மாதிரிக் கறுப்புக் குழாய்கள்தான். தரம் தெரியாதவர்கள் தடுமாறக்கூடாது என்றுதான் விலையை எழுதி ஒட்டுகிறார்கள் என்பது தம்பித்துரையின் கட்சி.

யூரோ வந்து இரண்டு வருடமாகியும் பழைய ஜெர்மன் மார்க்கில் கணக்குப் பார்க்கிற கமலாம்பிகைக்குத் தலை சுற்றியது. மனைவிமார் அப்படித்தான் என்று அவர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மகள் சாரங்காவுக்கு மாப்பிள்ளை எடுத்ததும் இதே முறையில்தான். கனடாவில் ஒரு பையன் சீதனமே வேண்டாம் என்றான். ஏதோ குறை இருக்கப்போய்த்தானே சும்மா வருகிறான் என்று தம்பித்துரை அந்தப் பேச்சை அன்றைக்கே முறித்தார். டுசல்டோர்ஃப் நகரத்து இளங்கீரன் வீட்டார் கேட்டதைக் கேட்டு அவருக்கு மூச்சு நின்றது. அந்த இடத்திலேயே மாப்பிள்ளையின் தரம் விளங்கிவிட்டது.

எல்லாம் பேசி முடிந்த பிறகு இளங்கீரன் கூச்சத்தோடு இன்னொன்றும் கேட்டார். வேட்டைக்குப் போக லைசென்ஸ் எடுத்திருக்கிறாராம், துவக்குக்கு ஒரு கண்ணாடி வேண்டுமாம். எங்கள் ஆட்களில் எத்தனை பேரிடம் இந்த லைசென்ஸ் இருக்கிறது என்று தம்பித்துரை ஊன்ட்றொப் அம்மன் கோயில் வீதியில் கண்டவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

தை பிறந்தால் அந்தக் கோயிலில்தான் தாலி. அறுநூறு பேருக்குச் சொல்லியாயிற்று. சாரங்கா இரண்டு மாதமாகப் பாட்டும் சிரிப்புமாக வீட்டுக்குள் நடமாடுகிறாள்.

கூறைச்சேலையும் கண்ணாடியும் வாங்கத்தான் கணவனும் மனைவியும் இன்று டுசல்டோர்ஃப் வந்திருந்தார்கள். இளங்கீரன் இந்தக் கிழமை வேலை விசயமாக லண்டனில். உங்களைக் கவனிக்க முடியாமல் போயிற்று என்று தொலைபேசியில் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார். விலைகூடிய பிள்ளைகளின் மரியாதையே தனி.

நடுவில் உள்ளது போதும் என்றார் கடைக்காரர். அதற்கு மேலே போனால் விலைதான் மடங்கு மடங்காய் ஏறும், பார்வை கொஞ்சமாகத்தான் ஏறும். இருட்டுப்படுகிற நேரத்தில் மட்டும் அந்தக் கொஞ்சம் தெரியும்.

விற்கிறவனே விலைகூடியதை வேண்டாம் என்றால், நம் தோலின் நிறத்தைப் பார்த்து மட்டுக்கட்டிவிட்டான் என்றுதானே அர்த்தம்? தம்பித்துரைக்குச் சுருக்கென்றது. மூன்றையும் பார்த்துச் சோதிக்கக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

கார்த்திகை மாதத்துப் பொழுது, நாலரைக்கே மங்கிவிட்டது. தெருக்கோடியில் ட்ராம் தரிப்பிடத்தில் சிலர் நின்றார்கள்.

மலிவான கண்ணாடியில் தெரு கஞ்சித்தண்ணீராய்க் கலங்கிக் கிடந்தது. அவருக்குத் திருப்தியாக இருந்தது.

நானூறு யூரோவில் ஆட்களுக்குக் கைகால் முளைத்தன. அதில் ஒருவர் நம்மவர் போலிருந்தார்.

ஆயிரத்து அறுநூறு யூரோவில் அந்த நம்மவருக்கு முகம் வந்தது. லண்டனில் இருக்கிற இளங்கீரனின் முகம்.

அவர் தோளில் ஒரு குழந்தை நித்திரையாய்ச் சரிந்து கிடந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் குழந்தையின் தொப்பியை இழுத்துவிட்டாள். அதே கையால் இளங்கீரனின் சால்வையையும் சரிசெய்தாள். கொடுக்கிற காசுக்குக் கண்ணாடி வஞ்சகம் செய்யவில்லை. குழந்தையின் தாடையில் ஒரு குழி இருந்தது. இளங்கீரனின் தாடையிலும் அதே இடத்தில் அதே குழி.

தம்பித்துரை கண்ணாடியைக் கீழே இறக்கினார். சாரங்கா நினைவில் வந்து நின்றாள். பின்னாலேயே அந்த அறுநூறு பேரும் வந்து நின்றார்கள்.

கமலாம்பிகை தானும் ஒருமுறை பார்க்க வேண்டுமென்று கையை நீட்டினாள்.

“இதில ஒண்டும் தெரியேல்லை, சும்மா விலைதான் கூட. இந்தாரும், இதைப் பாரும்,” என்று தொண்ணூறு யூரோக் கண்ணாடியை அவள் கையில் வைத்தார்.

அவள் ஒற்றைக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தெருக்கோடியைப் பார்த்தாள்.

“என்னப்பா, அங்கை ஆரோ ஒருத்தர் பெரிய பை ஒண்டைத் தோளில போட்டுக்கொண்டு நிக்கிறார் என்ன?”

“ஓம்,” என்றார் தம்பித்துரை. “பைதான்.”