கழுதையின் விசில்

ஆமைகளின் கால்பந்து அணி மறுபடியும் தோற்றது. ரசிகர்கள் எறிந்த கல் பட்டுப் பயிற்சியாளர் கழுதையின் காது வீங்கியிருந்தது. விட்டால் போதும் என்று பையைக் கட்டிக்கொண்டு, கூட்ட அறைக்கு வெளியே காத்து நின்றது. உள்ளே பேசுவது கேட்டது.

“அந்தக் கழுதையை இன்னைக்கே அனுப்பிடலாம், முதலாளி,” என்றது அணித்தலைவன் ஆமை.

“அனுப்பலாம்,” என்றது முதலாளி நரி. “அடுத்த ஆட்டத்துல ஜெயிச்சுடுவீங்களா?”

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

“அப்போ ஜனங்க யார் மேல கல்லெறிவாங்க? உன் மேலயா, என் மேலயா?”

கதவு திறந்தது. கழுதை அப்போதும் ஆசையோடு பையைத் தூக்கியது.

“உங்க மேல எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கு, சார்,” என்றது ஆமை.

கழுதை பையை அவிழ்த்து, விசிலை எடுத்து மறுபடியும் கழுத்தில் மாட்டிக்கொண்டது.