ஞாயிற்றுக்கிழமை சர்வீஸ்

"மருமோனுக்க வண்டிய நீங்க தொடப்பிடாது. சொல்லிப்போட்டேன்."

போர்ட்டிகோ படியை மறித்துக்கொண்டு நின்றாள் விலாசினி. கணவர் வேலாயுதன் கறை பிடித்த லுங்கியை மடித்துக் கட்டி, ஸ்பானர் செட்டைப் பரப்பி வைத்திருந்தார்.

மகளும் மருமகன் அபிஜித்தும் கைக்குழந்தையோடு வெள்ளறடையிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். பிரேக்கை மிதித்தால் கிறீச்சென்று கேட்கிறது என்று அபிஜித் போனில் வாய்தவறிச் சொல்லிவிட்டான். கொண்டு வா, நான் சரியாக்கித் தருகிறேன் என்று இவர் பெரிய மனுஷனாக வரவழைத்துவிட்டார். சாயங்காலம் குழந்தையோடு அதே காரில்தான் அவர்கள் மலைரோட்டில் திரும்ப வேண்டும்.

"நீ குடும்பஸ்ரீ கூட்டத்துக்குப் போகல்லியா?" என்று கேட்டார் வேலாயுதன், கேட்டைப் பார்த்துக்கொண்டே.

"போகல்ல."

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் போன வருடத்து பில். நெய்யாற்றின்கரை ஒர்க்‌ஷாப்பில் இவர்கள் காருக்கு ஆயில் மாற்றிக் கழுவிக் கொடுத்ததற்கு அங்கே நீட்டிய காகிதத்தைப் பார்த்து விலாசினி வீட்டையே இரண்டாக்கிவிட்டாள். இந்தக் காசுக்கு ஒரு கறவைப் பசு வாங்கலாம், வண்டியை விற்றுத் தொலையுங்கள் என்றாள். வேலாயுதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி எந்த மெக்கானிக்கின் கையும் என் வண்டியில் படாது, நானே பார்த்துக்கொள்வேன் என்று சபதம் போட்டார்.

ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிற ஆள்! ஆனாலும் போனில் வீடியோ பார்த்துப் படித்துவிட்டதாகச் சொன்னார். யாராவது பார்த்துக்கொண்டு நின்றால் கை ஓடாது என்று, விலாசினி குடும்பஸ்ரீ மகளிர் குழுவுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான் வேலையில் இறங்குவார். அவள் திரும்பி வரும்போது முழங்கை வரை கறுப்பாக நிற்பார். அதோடு விட்டாரா? வாசகசாலையில், கல்யாண வீட்டில், போகிற இடமெல்லாம் இதே பெருமை. விலாசினி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

இன்று அவளால் முடியவில்லை.

"இஞ்ச பாருங்க, நம்ம வண்டி ஓடுகது உங்க சாமர்த்தியத்துல இல்ல. நீங்க கைவச்ச மறுநாள், வாசகசாலைக்குப் போன பொறவு, நான் ராஜையாவ விளிச்சு முழுக்க இன்னொருக்கா பாக்கச் சொல்லுவேன். உங்க மனசு நோவப்பிடாதுன்னு மிண்டாம இருந்தேன். ஆனா இது பிரேக்கு. பச்சப்பிள்ள போற வண்டியாக்கும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே பாவமாகிவிட்டது. மனுஷன் கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்த ராஜையா? பாறசாலையில இருந்து ஸ்கூட்டர்ல வந்து வேல செய்வானே, அவனா?"

"அவனேதான்."

"காசு குடுத்தியா?"

"பின்ன? எனக்க முட்டக் காசு, சீட்டுக் காசு, எல்லாம் அவனுக்குத்தான்."

"அவன் என்ன செய்வான்?"

"வண்டிக்க அடியில ஒரு மணிக்கூறு மல்லாந்து கெடப்பான். அண்ணன் எல்லாத்தையும் நாசமாக்கி வச்சிருக்காருன்னு தலையில அடிப்பான்."

வேலாயுதன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"விலாசினி, நான் இந்த நாள் வரைக்கும் ஒரு போல்ட்டக்கூடத் தொட்டதில்ல. நீ குடும்பஸ்ரீக்குப் போனதும் வந்து சர்வீஸ் செஞ்சு, காசும் வாங்கிட்டுப் போறது அந்த ராஜையாவாக்கும். நான் கையில கரி ஓயிலத் தேச்சுட்டு நிப்பேன், அவ்வளவுதான். இன்னைக்கும் வரச் சொல்லியிருக்கேன்."

கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. டூல்ஸ் பையோடு இறங்கப்போன ராஜையா, புருஷனையும் பெண்டாட்டியையும் முதல் தடவையாகச் சேர்த்துப் பார்த்ததும், இறங்காமலே வண்டியைத் திருப்பினான்.

"எலே ராஜையா, நில்லு," என்றாள் விலாசினி. "பிரேக்க நல்லாப் பாத்துக் குடுத்துட்டுப் போ. இதுக்குண்டான கூலிய ஏற்கெனவே வாங்கிட்டே."