கோல்பிக்கு விழுந்த ஓட்டு

பந்தை எறிகிறவனுக்கே வருஷா வருஷம் விருதைத் தூக்கிக் கொடுக்கிறார்களே, அந்தப் பந்தை வாங்கிக்கொண்டு ஓடி அடிபடுகிறவனுக்கு ஒரு தடவையாவது கொடுத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வேர்னின் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தால், இதற்குப் பதில் சொல்லாமல் உங்களால் ஒரு வாய் காபி குடித்திருக்க முடியாது. அந்த ஊர்க் கல்லூரி ஃபுட்பால் அணியில் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக் டேவன், இந்த சீசனில் இரண்டாயிரம் கஜம் ஓடியிருந்தான். லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதோ முப்பது வருஷமாகப் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குகளுக்கே போய்க்கொண்டிருந்தது. இந்தத் தடவை டேவனுக்குத்தான் என்று ஊரே அடித்துச் சொன்னது.

வியாழக்கிழமை பேப்பரில் முடிவு வந்தது. ஓட்டுப் போட்ட நிருபர்கள் பன்னிரண்டு பேர். யார் யாருக்குப் போட்டார் என்று பெயரோடு அச்சடித்துவிடுவது அங்கே வழக்கம்.

பக்கத்து ஊர் குவார்ட்டர்பேக்குக்கு ஆறு. டேவனுக்கு ஐந்து. கோல்பிக்கு ஒன்று.

கோல்பி, டேவன் அணியின் சென்டர். குனிந்து பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, எதிரே வருகிறவனை முட்டித் தள்ளி வழி உண்டாக்குகிறவன். ஓடினவனுக்குக் கஜக் கணக்கு உண்டு. முட்டினவனுக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

அவனுக்கு ஓட்டுப் போட்டது உள்ளூர்ப் பேப்பரின் நிருபர் மார்லிஸ்!

மத்தியானம் மார்லிஸ் கடைக்குள் நுழைந்தாள். வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தாள். பீன்ஸும் கறியுமாகச் சுடச்சுட சில்லி வந்தது. கூடவே வரவேண்டிய இனிப்பு ரொட்டி, சின்னமன் ரோல், வரவில்லை. ரோல் இல்லாமல் சில்லியை அந்த ஊரில் யாரும் தொடமாட்டார்கள்.

"வேர்ன், ரோல் எங்க?"

"தீந்துபோச்சு."

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு டஜன் ரோல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"அதோ இருக்கே?"

"அது டேவனுக்கு ஓட்டுப் போட்டவங்களுக்கு."

கடை முழுக்கச் சிரிப்பு.

"என் கறவை மாட்டைக் கேட்டிருந்தாக்கூட டேவன்னு சொல்லியிருக்கும்" என்றார் மூலையில் ஒருவர்.

"ஏம்மா, ஆறுக்கு ஆறுன்னு வந்திருந்தா விருதை ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்திருப்பாங்கல்ல?" வேர்ன் விடவில்லை. "பெரிய அணிக்காரங்க அவனைத் திரும்பிப் பார்த்திருப்பாங்க. எல்லாத்தையும் கெடுத்துட்டியே! ஓடுறவனுக்குக் கிடைக்கவே கிடைக்காதும்பாங்க. கிடைக்கவிடாத ஆளு நம்ம ஸ்டூல்லயே உட்கார்ந்து சாப்பிடுதுன்னு இப்பத்தான் தெரியுது."

"உப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளு" என்றாள் மார்லிஸ்.

அப்போது வாசலை அடைத்துக்கொண்டு கோல்பி வந்து நின்றான். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடந்தான்.

"மேடம், என் பேரைப் போடச் சொல்லி நான் கேட்டேனா?"

"நீ கேக்கலப்பா."

"அப்புறம் ஏன்? டேவன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? எங்கம்மா அந்தச் செய்தியை வெட்டி ஃபிரிட்ஜ்ல ஒட்டிவெச்சிருக்காங்க. காலையிலேருந்து பத்து தடவை படிச்சுட்டாங்க. எனக்குப் பால் எடுக்க அதைத் திறக்கக்கூட கூச்சமா இருக்கு."

"நல்லா ஆடினே. எழுதினேன். அவ்வளவுதான்."

பாதிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு மார்லிஸ் வெளியே வந்தாள். அவள் வண்டிக்குப் பக்கத்தில், கையில் காகிதப் பொட்டலத்தோடு டேவன் நின்றுகொண்டிருந்தான்.

"ரோல் மேடம். காலையில வேர்ன் எனக்குச் சும்மா கொடுத்தாரு. உங்களுக்குக் கொடுத்திருக்க மாட்டாரே."

"கொடுக்கல." அவள் வாங்கிக்கொள்ளாமலே கேட்டாள். "ஏம்ப்பா, அன்னிக்கு என் ஆபீசுக்கு வந்து என்ன சொன்னே நீ? 'எனக்கு எட்டு ஓட்டு நிச்சயம், உங்களோடதை மட்டும் கோல்பிக்குப் போடுங்க'ன்னியே. எங்க எட்டு?"

"மூணு பேரு கடைசி நேரத்துல மாறிட்டாங்க" என்று டேவன் தலையைச் சொறிந்தான்.

"நீ கேட்டதுக்காக மட்டும் நான் போடல. எல்லா ஆட்டத்தையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். நீ சொன்னது சரின்னு பட்டுச்சு. ஆனா உனக்கு இப்படிப் போகும்னு தெரிஞ்சிருந்தா..."

"நாலு வருஷமா மைதானத்துல நான் பார்த்தது அவன் முதுகைத்தான் மேடம். அது எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் ஓடினேன். எனக்காவது இரண்டாயிரம் கஜம்னு சொல்லிக்க ஒண்ணு இருக்கு. அவனுக்கு மூணு தடவை முட்டி ஆபரேஷன் ஆனதுதான் மிச்சம். இனிமே ஆடவும் முடியாது. ஒரு தடவையாவது பேப்பர்ல பேர் வரட்டும்னு நினைச்சேன்."

மார்லிஸ் கடைக் கதவைப் பார்த்துத் திரும்பினாள். உள்ளே இன்னும் சிரிப்புச் சத்தம்.

"உள்ள போய் உண்மையைச் சொல்லிடறேன் டேவன். நாளையிலேருந்து எனக்கு ரோலாவது கிடைக்கும்."

டேவன் பதறி அவள் வழியை மறித்தான். பொட்டலத்தை அவள் கையில் திணித்தான்.

"வேண்டாம் மேடம். நான் கேட்டு வாங்கினதுன்னு தெரிஞ்சா, அவனே அந்தச் செய்தியைக் கிழிச்சுப் போட்டுடுவான். ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கிறதா அவங்கம்மா போன்ல சொன்னாங்க, அது அப்படியே இருக்கட்டும். எனக்காக இன்னும் கொஞ்ச நாளைக்கு, ரோல் இல்லாமலே சாப்பிடுறீங்களா?"