உறையாத ரத்தம்

இப்போதுள்ள டாக்டர்கள் தொட்டதற்கெல்லாம் ரத்தத்தை உறிஞ்சுகிறார்கள் என்று, கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடும் ரிபாயிக்கு எரிச்சல். காலையில் பிறந்த குதிரைக்குட்டிக்குத் தொப்புளில் ரத்தம் நிற்கவில்லை. கால்நடை டாக்டர் பொன்செல்வி கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து அவரிடம் நீட்டினார்.

"கைச்சூட்டுல பொத்தி வைங்க பாய். உறையுதான்னு பாப்போம்."

உறையவில்லை. மதியம் குட்டி செத்தது. கொட்டிலுக்குப் பின்னால் புதைத்தார்கள்.

சாயங்காலம் டாக்டர் மறுபடி வந்தபோது, சாரல் நனைத்த கொட்டில் ஜன்னலில் கிடந்த குழாயை ரிபாயி எடுத்தார். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. சாய்த்தால் ரத்தம் ஓடியது.

"குழாய்ல மருந்து தடவியிருப்பீய."

"வெறுங்குழாய்தான் பாய்."

புதைத்த பக்கம் திரும்பியே பார்க்காத தாய்க்குதிரை, வந்து குழாயை முகர்ந்தது. அதன் மடியிலிருந்து பால் சொட்டத் தொடங்கியது.

"இதுக்கும் எதாவது ஊசி போட்டிருப்பீய," என்று குழாயை டாக்டர் கையில் திணித்துவிட்டு ரிபாயி நடந்தார்.