ஐந்து லிட்டர் ஸ்பிரிட்

இஞ்சினின் கார்புரேட்டரில் எரிபொருள் இறங்கும் ஜெட்டின் துளையை மயிரிழை அளவு பெரிதாக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான் அழகுமலை.

"இம்புட்டுப் போதும் சார். பெட்ரோலைவிட இது கூடத்தான் கேக்கும்."

ஹாலாஸ்யம் நோட்டில் குறித்துக்கொண்டார். கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். எண்பதாம் வருஷம், பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே இருந்தது. கரும்பாலைக் கழிவில் வடித்த ஸ்பிரிட்டில் தண்ணீர் இறைக்கும் இஞ்சின் ஓடுமா என்று பார்க்க, பெர்மிட் வாங்கி ஐந்து லிட்டர் கேனோடு விளாங்குடிப் பட்டறைக்கு வந்திருந்தார்.

மதுவிலக்குக் காலம். கேனைத் திறந்ததும் வாடை தெருவுக்குப் போனது. நாலு பேர் வந்து நின்றார்கள்.

"மாப்ள, இஞ்சினுக்கு ஒரு மூடி, உனக்கு ஒரு மூடியா?" என்றார் டீக்கடை மொக்கைச்சாமி.

எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் சாராய பாட்டிலோடு போலீஸ் அழகுமலையைப் பிடித்தது. பதினைந்து நாள் உள்ளே இருந்தான். அன்றிலிருந்து ஊருக்கு அவன் குடிகாரன்.

அழகுமலையும் சிரித்தான்.

கயிற்றைச் சுண்டினான். இஞ்சின் அசையவில்லை. ஒரு கரண்டி பெட்ரோலை ஊற்றி மறுபடி சுண்டினான். நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. தீப்பொறி கொஞ்சம் முந்தி விழும்படி திருப்பி வைத்ததும் சத்தம் சீரானது. பின்னால் இருந்த கிணற்றுத் தண்ணீர் பக்கத்துக்காரன் சோலையின் கத்தரித் தோட்டத்தில் போய் விழுந்தது.

ஹாலாஸ்யம் கை தட்டினார். முக்கால் மணி நேரம் கணக்கெடுத்தார். ஒரு லிட்டர் தீர்ந்திருந்தது.

"இன்னிக்கு இது போறும். எனக்கு மத்தியானம் கிளாஸ் இருக்கு. மீதியைப் பூட்டி வை, நாளைக்குப் பாத்துக்கலாம்."

அழகுமலை இஞ்சினை நிறுத்தவில்லை.

"இங்க வைக்க வேணாம் சார். கையோட கொண்டு போயிருங்க. இல்லேன்னா தீர்ற வரைக்கும் ஓட்டிப்புடுறேன்."

கேனை இறக்கிய கல்லூரி வேன் மறுநாள்தான் வரும். ஸ்பிரிட்டோடு டவுன் பஸ்ஸில் ஏற முடியாது. ஹாலாஸ்யம் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு தோளில் கை வைத்தார்.

"உன் வைராக்யத்தை மெச்சறேன் அழகுமலை. ஓட்டு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் போன பிறகும் இஞ்சின் ஓடியது. அவன் சாப்பிட உட்காரவில்லை. கத்தரிப் பாத்தி நிரம்பி, சோலை ஓடிவந்து போதும் போதும் என்று கத்தினான். அழகுமலை வாய்க்காலை வெட்டித் தண்ணீரை ரோட்டோரப் பள்ளத்துக்குத் திருப்பிவிட்டான்.

வெயில் தாழும்போது இஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றது.

கேனில் தண்ணீர் ஊற்றி அலசி, அழுக்கு ஆயில் ஊறிய மண்ணில் கொட்டினான். மறுபடியும் அலசிக் கொட்டினான். முகர்ந்து பார்த்தான்.

பிறகு பட்டறைக்குப் பின்னால் வீட்டுக் கதவின் வெளித்தாழ்ப்பாளை நீக்கினான்.

அவன் மனைவி ஒச்சாயி சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சித்திரை வெக்கையிலும் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. சேலை வேர்வையில் நனைந்து கிடந்தது. காலையில் வாடை கதவிடுக்கில் நுழைந்ததும், வெளியே தாழ் போடச் சொன்னவள் அவள்தான்.

"தீந்துருச்சா?"

"தீந்துருச்சு."

உசிலம்பட்டியில் பிடிபட்ட அந்த பாட்டில் யாருக்கு என்று அவன் போலீஸிடமும் சொல்லவில்லை, ஊரிடமும் சொல்லவில்லை. சாராயம் எப்படி இருக்கும் என்று அவன் நாக்குக்குத் தெரியாது.

சொம்புத் தண்ணீரை நீட்டினான். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். பாதி மேலே சிந்தியது.

"விடிஞ்சா, தொடாமப் பதினொரு நாளு" என்றாள்.